டயல்-அப் இணைப்புக்கு டெஸ்க்டாப் நிலைகாட்டி: காங்கி தப்பாகக் காட்டுவது எதனால்?

கேள்வி இதுதான். டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய கணினி, சீரியல் போர்ட்டில் வெளியே வைக்கிற 56கே மோடம், டயல் செய்து இணைப்பை நடத்துவது பிபிபிடி என்ற நிரல். இணைப்பின் நிலை தெரிய, டெஸ்க்டாப்பில் தகவல் காட்டும் காங்கி என்ற நிரலை ஓரத்தில் வைத்தாயிற்று. ஆனால் நான்கு குறைகள். லைன் கட் ஆன பிறகும் இணைப்பில் இருப்பதாகவே காட்டுகிறது. வேகம் எப்போது பார்த்தாலும் 115200. மறுபடி டயல் செய்ததும் மொத்தக் கணக்கு பூஜ்ஜியத்துக்குப் போய்விடுகிறது. பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாகக் கட் ஆகவேண்டிய இணைப்பு, காங்கி வந்த நாள் முதல் கட் ஆவதே இல்லை.

இந்த நான்கில் எதுவும் காங்கியின் கோளாறு இல்லை. காங்கி தானாக எதையும் அளப்பதில்லை. கர்னலும் (லினக்ஸின் மையப்பகுதி) பிபிபிடியும் வைத்திருக்கும் தகவலை வாசித்துத் திரையில் போடுகிறது, அவ்வளவுதான். மோடம் பிபிபிடியிடம் பொய் சொன்னால் அந்தப் பொய்தான் டெஸ்க்டாப்பில் வண்ண எழுத்தில் வந்து நிற்கும். அதனால் காங்கியின் அமைப்பு ஃபைலைத் தொடும் முன் மோடத்தையும் பிபிபிடியையும் சரிசெய்யுங்கள். கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஏடி என்று தொடங்கும் மோடம் கட்டளைகள் பெரிய எழுத்தில், மற்றவை, வேறு மாதிரி சொல்லாத இடங்களில், சின்ன எழுத்தில்.

முதலில் லைன் கட் ஆவதைப் பார்ப்போம். மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே உள்ள சீரியல் கேபிளில் டிசிடி என்று ஒரு கம்பி இருக்கிறது. எதிர்முனை மோடத்தின் ஒலி கேட்கும்வரை அந்தக் கம்பி உயர்ந்திருக்கவேண்டும், ஒலி நின்றதும் இறங்கவேண்டும். பிபிபிடி கவனிப்பது அதைத்தான். ஆனால் மோடம் '&சி0' நிலையில் இருந்தால், லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிசிடி உயர்ந்தே நிற்கும். சோதிப்பது சுலபம். இணைப்பில் இருக்கும்போது தொலைபேசி வயரை மோடத்தின் பின்புறத்திலிருந்து உருவுங்கள். முன்புறத்தில் சிடி என்று எழுதிய சின்ன விளக்கு சில விநாடிகளில் அணையவேண்டும். வயரே இல்லாமல் அது எரிந்துகொண்டே இருந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று.

மோடத்தோடு பேசி டயல் செய்யும் சாட் நிரலின் ஸ்கிரிப்டில், தொடக்க வரியில் 'ஏடி&எஃப்' போட்டபின், அடுத்த வரியாக 'ஏடி&சி1&டி2' சேருங்கள். முதல் பாதி டிசிடியை உண்மையாக்கும். இரண்டாம் பாதி, கணினி தன் பக்கத்து 'தயார்' கம்பியான டிடிஆரை இறக்கினால் மோடம் போனை வைத்துவிடும்படி செய்யும். யுஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடத்தில் '&எஃப்1' போடுங்கள், ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் (தரவை நிறுத்தவும் விடவும் தனிக் கம்பிகள்) அதில்தான் வருகிறது. இவற்றை மோடத்தின் நினைவில் '&டபிள்யூ' கொண்டு சேமித்துவைப்பதைவிட ஒவ்வொரு டயலுக்கும் ஸ்கிரிப்டிலேயே அனுப்புவது நல்லது. நாளை மோடம் மாறினாலும் அமைப்பு கூடவே வரும். பிறகு பிபிபிடியின் அமைப்பு இருக்கும் பியர்ஸ் ஃபைலில் 'லோக்கல்' என்ற சொல் இருந்தால் எடுத்துவிட்டு 'மோடம்' என்று போடுங்கள். 'லோக்கல்' இருக்கும்வரை பிபிபிடி டிசிடியைத் திரும்பியே பார்க்காது. ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலுக்கான 'சிஆர்டிஎஸ்சிடிஎஸ்' இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசிடி மட்டும் போதாது. மோடத்துக்கு மோடம் லைன் நன்றாக இருந்தும், எதிர்முனை சர்வர் செத்துப்போயிருக்கலாம். அதற்கு 'எல்சிபி-எக்கோ-இன்டர்வல் 30', 'எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர் 4' என்ற இரண்டு வரிகள். 30 விநாடிக்கு ஒருமுறை கேட்டு, நான்கு முறை பதில் வராவிட்டால் பிபிபிடி இணைப்பை முடித்துவிடும். ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் டெஸ்க்டாப் உண்மையைச் சொல்லும். அவசரப்பட்டு 5 விநாடி, 2 முறை என்று குறைக்காதீர்கள். லைனில் இரைச்சல் வந்தால் மோடம் இரண்டும் மறுபடி வேகம் பேசிக்கொள்ளும். அந்த நேரம் பத்து விநாடிக்கு மேல்கூடப் போகும், அதற்குள் நல்ல இணைப்பை நீங்களே அறுத்துவிடுவீர்கள். சின்ன இரைச்சலுக்கே மோடம் லைனை விட்டுவிடுகிறது என்றால் எஸ்10 பதிவேட்டைக் கூட்டுங்கள். ஒலி மறைந்தபின் மோடம் எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும் என்பது அதில் பத்தில் ஒரு விநாடி அளவில் இருக்கிறது. பல மோடங்களில் 14 என்று, அதாவது 1.4 விநாடி என்று வரும். 'எஸ்10=50' போட்டால் 5 விநாடி பொறுக்கும்.

அடுத்தது 115200. இது தொலைபேசி லைனின் வேகமே இல்லை, கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள சீரியல் கேபிளின் வேகம். 1998இல் வந்த வி.90 முறையில் இறக்கும் வேகத்தின் உச்சவரம்பு விநாடிக்கு 56000 பிட், ஏற்றும் வேகம் 33600. அமெரிக்காவில் லைனில் அனுப்பும் மின்திறனுக்கு விதித்த வரம்பால் இறக்கும் வேகம் 53333ஐத் தாண்டாது. 2000இல் வந்த வி.92 ஏற்றும் வேகத்தை 48000 வரை கொண்டுபோனது. வி.90இன் வேகங்கள் 1333 பிட் சொச்சம் படியாக ஏறும்: 45333, 46667, 48000, 49333 என்று. நிலைகாட்டியில் இப்படி ஒரு எண் வந்தால் அது நிஜம். 57600 அல்லது 115200 வந்தால் அது கேபிள் வேகம். இணைந்ததும் ஓடும் ஐபி-அப் ஸ்கிரிப்டுக்கு பிபிபிடி மூன்றாவதாகத் தரும் 'வேகம்' என்ற மதிப்பும் இந்தக் கேபிள் வேகம்தான். அதை எடுத்துக் காட்டும் ஸ்கிரிப்டுகள் நிறையப் புழங்குகின்றன, நம்பவேண்டாம்.

லைன் வேகத்தை மோடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லும், கனெக்ட் என்று செய்தி அனுப்பும் அந்தக் கணத்தில். ராக்வெல், கோனெக்ஸன்ட் சிப் உள்ள மோடங்களில் 'ஏடி டபிள்யூ2' அனுப்பினால்தான் அந்தச் செய்தியில் லைன் வேகம் வரும், இல்லாவிட்டால் கேபிள் வேகத்தையே சொல்லிவிடும். யுஎஸ் ரோபாட்டிக்ஸில் '&ஏ3' போட்டால் 'கனெக்ட் 49333/ஏஆர்க்யூ/வி90/எல்ஏபிஎம்/வி42பிஸ்' என்று வேகம், பிழைதிருத்தம், சுருக்கமுறை எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். இதைப் பிடிக்க சாட் ஸ்கிரிப்டின் மேலே 'ரிப்போர்ட் கனெக்ட்' என்ற வரி வையுங்கள். இந்த இரண்டு சொல்லும் பெரிய எழுத்தில். சாட் கட்டளையில் '-ஆர்' கொடுத்து ஒரு ஃபைல் பெயர் தாருங்கள். சாட் அந்த ஃபைலில் பழையதை அழிக்காது, அடியில் சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே கடைசி கனெக்ட் வரியைத்தான் எடுக்கவேண்டும்.

இணைப்பு நடக்கும்போது மோடத்திடம் ஏடி கட்டளை கேட்டு வேகம் தெரிந்துகொள்ளலாமா என்று சிலர் முயல்வார்கள். கூடாது. அந்தப் போர்ட்டில் அப்போது போய்க்கொண்டிருப்பது பிபிபி பாக்கெட்டுகள். நடுவே நீங்கள் எழுதும் எழுத்துகள் தரவோடு கலந்து அதைக் கெடுக்கும், பதிலும் வராது.

இனி ஐபி-அப். பிபிபிடி இணைந்ததும் டெபியனில் ஈடிசி டைரக்டரிக்குள் பிபிபி, அதற்குள் 'ஐபி-அப்.டி' என்ற டைரக்டரியில் உள்ள ஸ்கிரிப்டுகள் ஓடும். கட் ஆனதும் 'ஐபி-டவுன்.டி'. இங்கே பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இவற்றை ஓடவைக்கும் ரன்-பார்ட்ஸ், பெயரில் புள்ளி இருக்கும் ஃபைலைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். 'நிலை.எஸ்எச்' என்று வைத்தால் ஓடாது, பிழைச்செய்தியும் வராது. வெறும் 'நிலை' என்று வையுங்கள். ரூட்டுக்குச் சொந்தமாக, 755 அனுமதியோடு இருக்கட்டும். ரன்-பார்ட்ஸுக்கு '--டெஸ்ட்' கொடுத்து அந்த டைரக்டரியைக் காட்டினால் எவை எவை ஓடும் என்று பட்டியல் தரும். அதில் உங்கள் ஸ்கிரிப்டின் பெயர் வரும்வரை மேலே போகாதீர்கள்.

ஐபி-அப் பக்கத்து ஸ்கிரிப்ட் மூன்று வேலை செய்யட்டும். சாட் எழுதிய ஃபைலிலிருந்து கடைசி கனெக்ட் வரியை எடுத்து, ரன் டைரக்டரிக்குள் 'லைன்வேகம்' என்ற ஒருவரி ஃபைலாக எழுதட்டும். தொடங்கிய நேரத்தை 'தொடக்கம்' என்ற ஃபைலில் எழுதட்டும். 'இணைந்தது' என்ற வெற்று ஃபைலை உண்டாக்கட்டும். ஐபி-டவுன் ஸ்கிரிப்ட் இந்த மூன்றையும் அழிக்கட்டும். ரன் டைரக்டரி நினைவகத்தில் இருப்பது, மின்சாரம் போய் வந்தால் காலியாகிவிடும். பழைய அடையாளம் மிஞ்சி நின்று ஏமாற்றாது.

தொடக்க நேரத்தை 'டேட்' கட்டளையால் எழுதாதீர்கள். பழைய கணினிகளில் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். கணினி ஏதோ ஒரு பழைய தேதியில் எழுந்து, இணைந்தபின்தான் இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கும். அப்போது 'இணைப்பில் இருந்த நேரம்' இருபது வருடம் என்று காட்டும். ப்ராக் டைரக்டரியில் உள்ள 'அப்டைம்' ஃபைலின் முதல் எண்ணை எழுதுங்கள். அது கணினி எழுந்ததிலிருந்து எண்ணும் விநாடி, தேதி மாறினாலும் அது மாறாது. இப்போதைய அப்டைமிலிருந்து அதைக் கழித்தால் சரியான நேரம் கிடைக்கும்.

மூன்றாவது குறைக்கு மருந்து ஐபி-டவுனில் இருக்கிறது. காங்கியின் 'டோட்டல்டவுன்' காட்டுவது பிபிபி0 என்ற இடைமுகத்தின் எண்ணிக்கை. கட் ஆனதும் கர்னல் அந்த இடைமுகத்தையே அழித்துவிடுகிறது, மறுபடி டயல் செய்யும்போது புதிதாகப் பிறக்கிறது, எண்ணிக்கையும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்கும். ஆனால் ஐபி-டவுன் ஓடும் நேரத்தில் பிபிபிடி மூன்று மதிப்புகளைக் கையில் கொடுக்கிறது: 'கனெக்ட்_டைம்' விநாடியில், 'பைட்ஸ்_ஆர்சிவிடி', 'பைட்ஸ்_சென்ட்' பைட்டில். மூன்றும் பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோடு. தேதியோடு சேர்த்து இந்த மூன்றையும் வார் டைரக்டரிக்குள் ஒரு பதிவு ஃபைலில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். மாதக் கணக்கு வேண்டுமென்றால் 'ஆக்' நிரல் ஒரு வரியில் கூட்டித் தந்துவிடும். டேட்டா அளவுக்குப் பணம் கட்டாமல் நேரத்துக்குக் கட்டுபவர்களுக்கு விநாடிக் கணக்குதான் முக்கியம், அதுவும் இதே வரியில் இருக்கிறது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. மின்சாரம் திடீரென்று போனால் ஐபி-டவுன் ஓடாது, அந்த முறையின் கணக்கு போய்விடும். அடிக்கடி மின்வெட்டு வரும் இடமென்றால் தரவுக் கணக்கு வைக்கும் விஎன்ஸ்டாட் போட்டுக்கொள்ளுங்கள், அது இடையிடையே வட்டில் எழுதிக்கொள்ளும். அதன் அமைப்பில் 'மேக்ஸ்பேண்ட்விட்த்' மதிப்பை 1 மெகாபிட்டாகக் குறைத்துவிடுங்கள். எண்ணிக்கை திடீரென்று குறைவதை, உச்சம் தொட்டுப் பூஜ்ஜியத்துக்குச் சுற்றிவந்துவிட்டதாகத் தவறாக எடுத்து, 4 ஜிபி இறக்கியதாகக் கணக்கு எழுதும் ஆபத்து அதனால் தீரும்.

இனிமேல்தான் காங்கி. 2015இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து அமைப்பு ஃபைல் லுவா என்ற நிரல்மொழி வடிவத்துக்கு மாறிவிட்டது. பழைய வடிவ உதாரணங்களை அப்படியே ஒட்டாதீர்கள். 'காங்கி.கான்ஃபிக்' பகுதியில் முக்கியமானது 'இஃப்_அப்_ஸ்டிரிக்ட்னெஸ்'. இதற்கு 'அட்ரஸ்' என்று மதிப்புக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இடைமுகம் இருந்தாலே போதும், ஐபி முகவரி வராத நிலையிலும் 'இணைப்பில்' என்று சொல்லிவிடும். 'அப்டேட்_இன்டர்வல்' 2 போதும். 'நெட்_ஏவிஜி_சாம்பிள்ஸ்' மதிப்பை 4 ஆக்குங்கள். டயல்-அப்பில் பாக்கெட்டுகள் விட்டுவிட்டு வருவதால் சராசரி இல்லாமல் எண் துள்ளிக்கொண்டே இருக்கும். 'டபுள்_பஃபர்' உண்மை என்று வைத்தால் திரை மினுக்காது.

எழுத்துப் பகுதியில் 'இஃப்_எக்ஸிஸ்டிங்' கொண்டு ரன் டைரக்டரியின் 'இணைந்தது' ஃபைலையும், அதற்குள்ளே 'இஃப்_அப் பிபிபி0' கொண்டு இடைமுகத்தையும் சோதியுங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் பச்சை. ஒன்று மட்டும் போதாதா என்றால், போதாது. பிபிபிடியை யாராவது 'கில் -9' கொடுத்துக் கொன்றால் ஐபி-டவுன் ஓடாமல் ஃபைல் மிஞ்சும். தேவைப்படும்போது தானாக டயல் செய்யும் 'டிமாண்ட்' வசதி போட்டிருந்தால் நிலைமை நேர்மாறு: டயல் செய்யாமலே பிபிபி0 எப்போதும் நிற்கும், 10.64.64.64 போன்ற ஒப்புக்கான முகவரியோடு. 'அட்ரஸ்' சோதனையையும் அது தாண்டிவிடும். 'டிமாண்ட்' பயன்படுத்துபவர்களுக்கு ஃபைல்தான் உண்மை.

உள்ளே காட்டவேண்டியவை: 'ஆட்ர் பிபிபி0' முகவரிக்கு, 'டவுன்ஸ்பீட்எஃப்', 'அப்ஸ்பீட்எஃப்' வேகத்துக்கு, 'ஹெட்' கட்டளையால் லைன்வேகம் ஃபைலின் முதல் வரி. குறித்த இடைவெளியில் வெளிக் கட்டளையை ஓட்டும் 'எக்ஸெக்ஐ' ஒவ்வொரு முறையும் தனி ஷெல் எழுப்பும். பழைய பென்டியத்தில் அது தெரியும்படி இழுக்கும். 'ஹெட்' ஃபைலை நேரே படித்துவிடும். நேரக் கணக்குக்கும் மாதக் கூட்டலுக்கும் மட்டும் எக்ஸெக்ஐ வையுங்கள், முதலாவதற்கு 10 விநாடி, இரண்டாவதற்கு 300.

வேக வரைபடத்துக்கு 'டவுன்ஸ்பீட்கிராஃப்'. இதன் கடைசியில் அளவுகோல் மதிப்பு 12 என்று கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் காங்கி இருப்பதற்கேற்ப அளவை மாற்றிக்கொள்ளும், 200 பைட் போனாலும் மலை மாதிரி எழும்பும். 12 எங்கிருந்து வந்தது? சீரியலில் ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து 10 பிட், ஆக 115200 என்றால் விநாடிக்கு 11.5 கிலோபைட் உச்சம். லைனில் எல்ஏபிஎம் பிழைதிருத்தம் ஓடும்போது தொடக்க, முடிவு பிட்கள் போவதில்லை. 48000 லைனில் கணக்குப்படி 6000 பைட், மேல்செலவு போக 5.3, 5.5 கிலோபைட் கைக்கு வரும். ஏற்கெனவே சுருக்கிய ஜிப், ஜேபெக் ஃபைல்களுக்கு இதுதான். வெறும் உரைப் பக்கம் இறங்கும்போது மோடத்தின் வி.42பிஸ் சுருக்கத்தால் 9, 10 கூடக் காட்டும். அது பிழை இல்லை, மகிழ்ச்சியாகப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 19 எம்பி என்று மனதில் வைத்திருந்தால், பதிவு ஃபைலின் கணக்கு சரியா என்று ஒரு பார்வையில் தெரியும்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு சொல். தலைப்புகளைத் தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எக்ஸ் திரையில் காங்கி எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைக்குமே தவிர, சேர்த்து வடிவமைக்காது. 'வேகம்' என்று எழுதினால் இரட்டைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டும். தமிழ் எழுத்துரு போட்டாலும் இது தீராது. ஆங்கிலச் சுருக்கங்களோ, பச்சை சிவப்பு நிறங்களோ வைத்துக்கொள்வதே நல்லது.

நான்காவது, கட் ஆகாத இணைப்பு. பியர்ஸ் ஃபைலில் 'ஐடில் 600' இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், உங்கள் நிலைகாட்டியே இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. 30 விநாடிக்கு ஒரு பிங், வானிலை, மின்னஞ்சல் எண்ணிக்கை, வெளி ஐபி என்ன என்று ஏதோ ஒரு தளத்தைக் கேட்பது, இவை ஒவ்வொன்றும் ஐபி பாக்கெட். பிபிபிடியின் கணக்கில் இணைப்பு சும்மா இல்லை. 'டிமாண்ட்' இருந்தால் இன்னும் மோசம், நீங்கள் தூங்கும்போது காங்கி டயல் செய்துகொண்டிருக்கும். பிங் எடுத்துவிடுங்கள். உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் மேலே சொன்ன எல்சிபி எக்கோ இருக்கிறது. அது ஐபி பாக்கெட் அல்ல என்பதால் ஐடில் கணக்கில் சேராது. முகவரியை 'ஆட்ர்' தருகிறது, வெளியே கேட்கத் தேவையில்லை. அப்படியும் கட் ஆகவில்லை என்றால் நேரம் சரிசெய்யும் என்டிபியைச் சந்தேகியுங்கள். 'ஆக்டிவ்-ஃபில்டர்' வரியில் யுடிபி போர்ட் 123ஐ விலக்கினால் அது கணக்கில் வராது.

டயல் செய்யும் பொத்தானும் கடிகாரமும் சேர்ந்தே வேண்டும் என்பவர்களுக்குக் காங்கியைவிட பில் வில்சன் எழுதிய ஜிகிரெல்எம் என்ற நிலைகாட்டி பொருத்தம். அதன் நெட் அமைப்பில் டைமர் பொத்தானை பிபிபிக்கு வைத்து, இணைக்க 'பான்', துண்டிக்க 'பாஃப்' கட்டளைகளைக் கொடுங்கள். உங்கள் பயனர் 'டிப்' குழுவில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பொத்தான் அழுத்தியும் ஒன்றும் நடக்காது. டயல் ஆகிக்கொண்டிருக்கும் இடைநிலையை அது 'எல்சிகே..மோடம்' (எல்சிகே பெரிய எழுத்தில்) என்ற பூட்டு ஃபைல் கொண்டு அறிகிறது. உங்கள் மோடம் டிடிஒய்எஸ்0 (எஸ் மட்டும் பெரிய எழுத்தில்) என்ற பெயரில் இருந்தால் அந்தப் போர்ட்டின் பூட்டு ஃபைலுக்கு ஜிகிரெல்எம் டைரக்டரியில் அதே 'எல்சிகே..மோடம்' பெயரில் ஒரு குறியிணைப்பு போட்டால் போதும். இணைந்த நேரத்தை அது பிபிபி0.பிஐடி ஃபைலின் நேர முத்திரையிலிருந்து எடுக்கிறது. ஆகவே பேட்டரி தீர்ந்த கணினியிலும், 'டிமாண்ட்' அமைப்பிலும் அந்தக் கடிகாரத்தை நம்பவேண்டாம்.

மொபைல் இணைய யுஎஸ்பி டாங்கிளில் '*99#' டயல் செய்பவர்களுக்கும் மேலே சொன்னதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும், கனெக்ட் வேகம் தவிர. அங்கே அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. சிக்னல் அளவுதான் வேண்டும். பல டாங்கிள்களில் தரவுக்கு ஒரு போர்ட்டும் கட்டளைக்கு இன்னொரு போர்ட்டும் தனித்தனியாக இருக்கும், ஆகவே இணைப்பு நடக்கும்போதே இரண்டாவது போர்ட்டில் 'ஏடி+சிஎஸ்க்யூ' கேட்கலாம். வரும் முதல் எண் 0 முதல் 31 வரை. அதை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் வரும். 99 வந்தால் அளவு தெரியவில்லை என்று பொருள், அதை முழு சிக்னலாகக் காட்டிவிடாதபடி ஸ்கிரிப்டில் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

எல்லாம் வைத்தபின் மூன்று சோதனை செய்யுங்கள். 'பாஃப்' கொடுத்து முறையாகத் துண்டியுங்கள்: சில விநாடிகளில் சிவப்பாகி, பதிவு ஃபைலில் ஒரு வரி சேரவேண்டும். மறுபடி இணைந்து தொலைபேசி வயரை உருவுங்கள்: எஸ்10 நேரம் முடிந்ததும் அதேபோல் நடக்கவேண்டும். மூன்றாவதாக இணைந்துவிட்டு, எதையும் தொடாமல் பதினோரு நிமிடம் விட்டுவைத்து, தானாகக் கட் ஆகிறதா என்று பாருங்கள். இதில் தோற்றால், காங்கியை நிறுத்திவிட்டு இன்னொரு பதினோரு நிமிடம். அப்போது கட் ஆனால் குற்றம் உங்கள் எக்ஸெக்ஐ வரிகளில் ஒன்று. ஆகாவிட்டால் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் எடுத்து பிபிபி0இல் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், ஒரு நிமிடத்தில் பெயரோடு தெரிந்துவிடும்.